கேப்டனுக்கு மீன் ஆகாது

கேப்டனின் வலது காதுக்குப் பின்னால் ரத்தம்.

விஜிலா இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சியில் பகல் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருந்தாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கேப்டன், மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணால் அவளை முறைத்தது. கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் புனலைத் தாண்டிப் பின்னங்கால் எப்படிக் காதுக்குப் போனது என்பது அதற்கு மட்டுமே தெரிந்த வித்தை.

கேப்டன் ஒரு பூனை. இன்னும் ஒரு வயது ஆகவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் உடைந்த ஐஸ் பெட்டிக்குள் கிடந்ததை மீட்டவள் பிரேமா. அப்பாவின் பலசரக்குக் கடை மாடியில் நாதியற்ற நாய், பூனைகளை வைத்துக் காப்பாற்றுகிறவள். கண் ஒன்று போயிருந்தது. கழுத்தும் காதும் புண். மிருக டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன காரணத்தைக் கேட்டு பிரேமாவே சிரித்துவிட்டாளாம்.

மீன் அலர்ஜி.

பிறந்தது மீன்பிடித் துறைமுகம். வந்து சேர்ந்தது திரேஸ்புரம். சொந்தமாக நாட்டுப்படகு இல்லாதவன்கூடச் சொந்தமாக மீன் சட்டி வைத்திருக்கும் தெரு. ஆறுமுகநேரி உப்பளத்துக்காரனுக்கு உப்பு ஆகாது என்றால்கூட ஊர் நம்பிவிடும். இதை நம்பவில்லை.

வேகவைத்த கோழி மட்டும்தான் தீனி. உப்பு கூடாது, மஞ்சள் கூடாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து, புண்ணுக்குக் களிம்பு. இப்படி இரண்டு மாதம். நடுவில் ஒரு துண்டு மீன் உள்ளே போனாலும் மறுபடி முதலில் இருந்து.

"அக்கா, நம்பித் தத்து கொடுக்கேன்" என்று பிரேமா அன்றைக்கே சொல்லியிருந்தாள். "புண்ணு திரும்ப வந்துச்சுன்னா தூக்கிட்டுப் போயிருவேன். ஏற்கெனவே ஒரு வீட்ல இருந்து அப்படித்தான் தூக்கிட்டு வந்தேன். இன்னொரு தடவ இவன் உடம்பு தாங்காது."

அந்தப் பிரேமா வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாள். காதுக்குப் பின்னால் ரத்தம்.

விஜிலாவின் கணவன் ஜெஸ்டின் கப்பலில் போசன், மாலுமிகளை மேய்க்கிற வேலை. வருடத்தில் முக்கால்வாசி கடலில். அந்த நாட்களில் வீடு திரும்பினால் முறைக்கக்கூட ஆள் இல்லாத வீடு அது. இப்போதுதான் ஒருத்தன் வாய்த்திருக்கிறான். அவனையும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

முதல் சந்தேகம், லீவில் வந்து சோபாவில் மல்லாந்து கிடந்த ஜெஸ்டின்மேல்தான்.

"நான் இல்ல" என்றான் ஜெஸ்டின்.

"நான் இன்னும் கேக்கவே இல்லியே?"

"மூஞ்சப் பாத்தாலே தெரியுதுல்லா."

அவன் விரல்களை இழுத்து முகர்ந்தாள். "மீன் மணக்கு."

"ஏளா, காலைல ஊளிமீன் குழம்பு வச்சிட்டுப் போனது நீதான. அதத் தின்னா கை மல்லியப்பூவா மணக்கும்?"

நியாயமான வாதம். அடுத்து கேப்டனின் வாயை முகர்ந்தாள். கேப்டன் அவள் மூக்கில் ஓர் அறை வைத்தது. ஆனால் அதற்குள் சங்கதி தெரிந்துவிட்டது. மீன்தான். தீனிக் கிண்ணத்துக்கு அடியில் சின்னதாக ஒரு முள். சாளை மீன் முள். அந்த வாரம் முழுக்க விஜிலா வீட்டில் சாளை வாங்கவே இல்லை.

ஆக, வெளியாள்.

"பகல்ல நீங்க எங்க போறீங்க?"

"டீக்கடைக்கு."

"எப்ப வருவீங்க?"

"சாப்பாட்டுக்கு."

அதாவது அரை நாள் முழுக்க வீட்டில் கேப்டன் மட்டும். பின்கதவுக் கொண்டியை வெளியே இருந்து விரலை விட்டு எடுத்துவிடலாம் என்பது தெருவுக்கே தெரியும்.

யாருக்குக் காரணம் இருக்கிறது என்று யோசித்தால் தெரு முழுக்கவே வரிசையில் நின்றது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. விபூதி புதனிலிருந்து ஈஸ்டர் வரை அந்தத் தெருவில் ஒருவரும் கறி தொடமாட்டார்கள். மீன் மட்டும்தான். விஜிலாவும் ஜெஸ்டினும்கூட அப்படித்தான். அப்பேர்ப்பட்ட தெருவில் தினமும் கோழி வேகும் வாசம் கிளம்பிய ஒரே வீடு இது. 'பூனை பேரச் சொல்லி போசன் திங்கான்' என்று குழாயடியில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விஜிலா லீவு போட்டாள். ஜெஸ்டினை வழக்கம்போல டீக்கடைக்கு விரட்டிவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் பதுங்கினாள். கேப்டனோ நேராக அந்தக் கதவின் முன்னால் வந்து உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. துப்பறிகிறவளுக்கு இதைவிடக் கேடுகெட்ட கூட்டாளி கிடைக்கமாட்டான்.

பின்கதவுக் கொண்டி மெல்ல எழும்பியது.

உள்ளே வந்தது பக்கத்து வீட்டு பிலோமி. தெருவின் அன்பியத் தலைவி. வீடு வீடாக ஜெபக் கூட்டம் நடத்துகிறவள். ஒரு கையில் மூடிய தட்டு, இன்னொரு கையில் காலி டிபன் டப்பா.

"வாலே ராசா" என்று கேப்டனிடம் குனிந்தாள். "வெள்ளிக்கிழமை அதுவுமாக் கறியத் தின்னு பாவத்தக் கட்டிக்கிடாத."

கிண்ணத்தில் இருந்த கோழியை வழித்து டப்பாவில் போட்டாள். தட்டில் இருந்த அவித்த சாளையைக் கிண்ணத்தில் வைத்தாள். கேப்டனின் நெற்றியில் சிலுவை வேறு போட்டாள்.

விஜிலா பாய்ந்தாள். கேப்டனும் பாய்ந்தது. மீன் தலை கேப்டன் வாயில், வால் விஜிலா கையில். கொஞ்ச நேரம் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் புனல் தடுக்கி கேப்டன் பிடியை விட, சாளை தரையில் விழுந்தது.

பிலோமி நிதானமாக டப்பாவை மூடினாள். "வேலைக்குப் போகலியாளா?"

"எப்பலேருந்து மைனி நடக்கு இது?"

"விபூதி புதன்லேருந்து."

"இவனுக்கு மீன் ஆகாதுன்னு வந்த அன்னைக்கே சொன்னேன்லா?"

"சொன்ன. பூனைக்கு மீன் ஆகாதுன்னா எந்தக் கூமுட்ட நம்புவா? உன் மாப்பிள திங்கத்தான் கத கட்டுதன்னு நெனச்சேன். வந்து பாத்தா நெசமாவே பூனதான் திங்கி. அப்ப அதுக்கு மட்டும் தவக்காலம் கெடையாதா?"

"பூனைக்கு ஞானஸ்நானமா குடுத்திருக்கு?"

"வேதக்கார வீட்டுச் சோத்தத் திங்குதுல்லா?" பிலோமியின் குரல் இறங்கியது. "எங்க வீட்ல உங்க அண்ணன் தெனம் கடலுக்குப் போயி வெறும் ஐஸத்தான் திரும்பக் கொண்டு வாராரு. ஒரு மீன் படல. தெருவுல கோழி வாசம் அடிச்சா மாதா எப்படிளா எரங்குவா?"

"இவ்வளவு நாள் கோழி எங்க?"

"எங்க வீட்டு பிரீசர்ல. நான் என்ன களவாணியா? ஈஸ்டர் பூச முடிஞ்சதும் அவனுக்கே தாரதாத்தான் இருந்தேன்."

விஜிலாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேப்டனைத் தூக்கிப் புனலை விலக்கினாள். "இங்கன பாருங்க மைனி."

பிலோமி எட்டிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் முடி உதிர்ந்து, சதை சிவந்து, கீறிய இடமெல்லாம் நீர் கோத்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது மீனாலயா?"

"மீனாலதான்."

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அடுத்த நொடி, கையில் கூடையோடு பிரேமா உள்ளே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமதான வாரேன்னு சொன்ன?" என்றாள் விஜிலா, கேப்டனை அணைத்துக்கொண்டு.

"சொன்ன நாளைக்குப் போனா எல்லா வீடும் நல்ல வீடாத்தான் இருக்கும்க்கா." பிரேமாவின் பார்வை கேப்டனின் காதுக்குப் போனது. அங்கிருந்து தரைக்கு. "சாளை" என்றாள். கூடையின் மூடியைத் திறந்தாள்.

பிலோமியின் பெயர் விஜிலாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பூனை பிழைக்கும். சொன்னால் ஊருக்கே ஜெபம் சொல்லிக்கொடுக்கிற மைனி பூனைக் கிண்ணத்தில் கைவிட்ட கதை விடிவதற்குள் பெரியதாழை வரை போய்விடும். இருந்தாலும் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் டீக்கடையில் இருந்து திரும்பிய ஜெஸ்டின் வாசலில் நின்றான். கூடையைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

"அது எனக்குத் திங்க வச்சிருந்த மீன்" என்றான்.

"தரையிலயா?" என்றாள் பிரேமா.

"கப்பல்காரன். எங்கன வச்சாலும் திம்பேன்."

பிரேமா அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கேப்டனைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தாள். கேப்டன் புனல் இடிக்க உள்ளே போனது. கூடைக்குள் இருந்தபடி முதல்முறையாக யாரையும் முறைக்காமல் தலையைத் தொங்கப் போட்டது.

"எறக்குளா அவன" என்றாள் பிலோமி.

பிரேமா நிமிர்ந்தாள்.

"மீன் போட்டது நான். இவ இல்ல. இவளுக்குத் தெரியாது. கதவத் தொறந்து வந்து தெனம் நான்தான் போட்டேன்." பிலோமி டப்பாவை நீட்டினாள். "இந்தா இவன் கோழி. தவக்காலத்துல பூன கறி திங்கக் கூடாதுன்னு மாத்திட்டேன்."

கேட்டுக்கொண்டிருந்த ஜெஸ்டின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"சரிக்கா. நீங்க இனி போடமாட்டீங்க, நம்புதேன்" என்றாள் பிரேமா. "ஆனா ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்ல கோழி வேகும்லா? தெருவுல இன்னொரு அக்காவுக்கு உங்கள மாதிரி பக்தி வந்துட்டா நான் என்ன செய்ய?"

பிரேமா கூடையின் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

"இனிமே கோழி இங்கன வேகாது" என்றாள் பிலோமி. "எங்க வீட்டு அடுப்புல வேகும். நான் வேக வைப்பேன். எங்க வீட்ல இருந்து வாசம் வந்தா இந்தத் தெருவுல எவ வாயத் தொறப்பா?"

"மைனி, தவக்காலத்துல உங்க வீட்லயா?"

"எனக்குக் கோழின்னா உசுருளா. தெனம் அத வேக வச்சு, பிச்சுப் போட்டு, வாசம் பிடிச்சுக்கிட்டு, ஒரு நாரு வாயில வைக்காம இருக்கணும். இத விடப் பெரிய ஒறுத்தல் எவளால முடியும்?"

"ஃபாதர்ட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?" என்றான் ஜெஸ்டின், முகத்தைச் சரிசெய்துகொண்டு.

"கேட்டா வேண்டாம்பாரு. அதான் கேக்கல."

பிரேமா பிலோமியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்துவிட்டாள்.

"இன்னைலேருந்து திரும்ப ரெண்டு மாசம். நான் வருவேன், எந்தக் கிழமன்னு சொல்லமாட்டேன்."

பிலோமி கேப்டனைத் தூக்கப் போனாள். பிரேமா குறுக்கே கையை வைத்தாள். "மொதல்ல சோப்புப் போட்டு அந்தக் கையக் கழுவிட்டு வாங்க."

மறுநாள் பிலோமியின் அடுப்பில் கோழி கொதித்தது. குழாயடியில் எல்லோர் மூக்கும் ஒரே திசையில் திரும்பின. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடலில் இருந்து வெறும் ஐஸோடு திரும்பிய அவள் புருஷன் பர்னபாஸ் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் கைகால் கழுவி, தட்டை எடுத்துப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எந்திரிங்க" என்றாள் பிலோமி, கோழியைப் பிய்த்து ஆறவைத்தபடி. "இது கேப்டனுக்கு."

"எந்தக் கப்பல் கேப்டன்?" என்றார் பர்னபாஸ்.