வந்தாச்சா?

அந்த நாவலை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பதினேழு வயது. கடைசிப் பக்கத்தில் விம்மி விம்மி அழுதேன். பிழைப்புக்காகக் கடல் கடந்து போன கணவனுக்காக நாயகி பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறாள். ஒரு மாலை அவன் வாசலில் வந்து நிற்கிறான். "வந்தாச்சா?" என்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அன்பு என்று பல நாள் உருகிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் குலசிங்கம் கத்தாரில் எண்ணெய் நிறுவன வேலைக்குப் போனதும் அந்த நாயகியை நான் துணைக்கு வைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம். ஆண்டுக்கு இரண்டு முறை வருவார், வந்த வேகத்தில் பெட்டி கட்டுவார். மகனும் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டான். "எப்படி ஒத்தையா இருக்கே?" என்று கேட்கிறவர்களிடம் நாயகியின் கதையைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன். இப்போது இவர் ஓய்வு பெற்று, வருகிற சனிக்கிழமை ஒரேயடியாகத் திரும்புகிறார். அதற்குள் இன்னொரு முறை படித்துவிடலாமே என்று இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். சும்மா இருந்திருக்கலாம்.

எனக்கு உட்லண்ட்ஸில் வேலை, சுவா சூ காங்கில் வீடு. ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். பாதிக்கு மேல் இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்! பசித்தபோது சாப்பிடுகிறாள், அக்கம்பக்கத்துப் பெண்களோடு தாயம் ஆடுகிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள். கணவன் எப்போது வருவான் என்ற அவசரத்தில் அன்று இந்தப் பக்கங்களை எல்லாம் நான் புரட்டித் தள்ளியிருக்கிறேன். அவன் ஊரில் இருந்த முதல் அத்தியாயங்களில் அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

கிராஞ்சி நிலையம் தாண்டும்போது கடைசிப் பக்கம் வந்தது. "வந்தாச்சா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவா அன்பு? அதற்குள் வந்து தொலைத்தாயா என்றல்லவா கேட்கிறாள்! யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டைவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, கூட வேலை பார்க்கும் அனிதாவிடம் இதைச் சொன்னேன்.

"கதைய விடுங்கக்கா. அண்ணன் வர்றது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"சீ, அப்படியெல்லாம் இல்ல லா."

"அப்புறம் ஏன் சோத்த அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

தட்டைத் தள்ளி வைத்தேன். குலசிங்கம் நல்ல மனிதர். என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அதுதான் தொல்லை, அவர்மேல் பழிபோடக்கூட வழியில்லை. ஆனால் அவர் இருந்தால் டிவி அலறும், இரவானால் சோறும் குழம்பும் மேசைக்கு வந்தாக வேண்டும். நானோ பல நாள் இரண்டு ரொட்டித் துண்டோடு முடித்துக்கொள்கிறவள். கட்டிலின் நடுவில் படுத்துப் பழகிவிட்டேன். வாசல் ஷூ ரேக்கில் இருந்த அவருடைய பழைய காலணிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு அதில் செடி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அலமாரியில் அவருக்குப் பாதி இடம் ஒதுக்கினேன். மனசு கேட்காமல் என் புடவைகளைத் திரும்ப அடுக்கினேன். பிறகு என்மேலேயே கோபம் வந்து மறுபடியும் எடுத்தேன். சமையலறையில் நின்று "வந்தாச்சா?" என்று சொல்லிப் பார்த்தேன். இழுத்துச் சொன்னாலும் சிரித்துச் சொன்னாலும் அது அந்த நாயகியின் குரலாகவே இருந்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன். என் குரலை வைத்தே மனசைப் படித்துவிடுகிற மனிதர் அவர். வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டால்?

விமான நிலையத்துக்கு வர வேண்டாம், டாக்சியில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சாவி வைத்திருக்கும் மனிதர் எதற்கு மணி அடித்து அதிகாரம் பண்ண வேண்டும்?

கதவைத் திறந்தேன். இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெட்டிகளோடு நின்றார். தலை இன்னும் நரைத்திருந்தது. வலது கையில் சாவி இருந்தது.

ஒத்திகை பார்த்த சொல்லைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"குணா, உள்ள வரலாமா?"

"சாவிதான் கையிலயே இருக்கே?"

"இருக்கு. நேரா தொறந்துட்டு வர ஒரு மாதிரியா இருந்துச்சு. இத்தன வருஷமா நீதானே இங்க இருந்தே."

அந்த நாவலில் எந்தப் பக்கத்திலும் அவன் இப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ, எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்டைத் திறந்தேன்.

"வாங்க. ஷூவ வெளியவே விடுங்க. ரேக்குல என் செடிங்க இருக்கு."

அவர் செடிகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு தொட்டியையும் நகர்த்தாமல், ஷூவைச் சுவரோரமாக வைத்தார்.