சீனி போடாத தேநீர்

பைன் மரங்கள் முடிந்து மானாப்புல் தொடங்கிய இடத்தில் சுகிர்தாவின் விரல்நுனிகள் குளிர்ந்தன. மூடுபனியால் என்று முதலில் நினைத்தாள். பிறகு மேலுதடு வியர்த்தது. குளிரால் யாருக்கும் வியர்க்காது.

முதுகுப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து துழாவினாள். அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் காலில் பூசும் சவர்க்காரம் மட்டும் இருந்தது. குளுக்கோஸ் பொட்டலம் அவளுடைய பழைய பையிலேயே தங்கிவிட்டது. "அந்தப் பையோட மலை ஏற ஏலாது, இதப் போடுங்க" என்று காலையில் லிண்டா தன் பையைக் கொடுத்தபோது, அவசரத்தில் தண்ணீர்ப் போத்தலை மட்டும் மாற்றியிருந்தாள்.

நாகர்கோவிலிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்து ஆறு வாரம். மண் பரிசோதனைக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் லிண்டா, அனீஸா, சுரேஸ் மூவரும் ஹந்தானை மலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பதினோரு வயதிலிருந்து இன்சுலின் போடுவதை அவர்களிடம் அவள் சொல்லவில்லை. சென்னையில் படித்தபோது விடுதித் தோழிகளிடம் சொல்லியிருந்தாள். "வழியில ஏதாவது ஆயிட்டா யாரு பார்க்குறது?" என்று அறைக்கு வெளியே பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு எந்தப் பயணத்துக்கும் கூப்பிடவில்லை.

தேநீரில் சர்க்கரை இருக்கும். அது போதும்.

"டீ குடிச்சிட்டுப் போலாமா?"

"காலையிலேர்ந்து வாய் திறக்காத புள்ள டீக்குத் திறக்குது," என்று சிரித்தபடி அனீஸா பிளாஸ்கைத் திறந்தாள்.

ஒரு மடக்கு குடித்தாள். கசந்தது.

"சர்க்கரை போடலையா?"

"பிளேன் டீக்குச் சீனியா? கித்துள் கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டுத்தான் குடிக்கணும். அதுவும் சோத்துப் பார்சலும் சுரேஸ்கிட்ட ஈக்குது."

சுரேஸ் எப்போதோ முன்னால் போய்விட்டான். அவன் போன பாதையை மூடுபனி மறைத்திருந்தது.

"உச்சியில நிப்பான். இருபது நிமிஷம்," என்றாள் லிண்டா.

சுகிர்தா தலையாட்டினாள். ஏறினால் இரத்தத்தில் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்கும். தெரிந்துகொண்டே நடந்தாள். முன்னால் நடந்த லிண்டாவின் காலில் சப்பாத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. இடது பக்கம் புல் எங்கே முடிந்து பள்ளம் தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. சொன்னால் இனிக் கூப்பிட மாட்டார்கள். சொல்லாமல் விழுந்தால்?

புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"லிண்டா. எனக்குச் சுகர். சின்ன வயசுலேர்ந்து. இப்ப ரொம்ப இறங்குது. இனிப்பா ஏதாவது வேணும். இப்பவே."

லிண்டா ஒரு கணம் விழித்தாள். பிறகு கையை வாயில் குவித்துக் கத்தினாள். "சுரேஸ், பேக்கோட கீழ வா. ஓடி வா."

"என்னத்துக்கு?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"வாடா மொதல்ல."

சறுக்கிக்கொண்டு வந்தான். லிண்டா கருப்பட்டியைக் கல்லில் உடைத்துச் சுகிர்தாவின் வாயில் வைத்தாள். அனீஸா அவள் மணிக்கட்டை விடவேயில்லை. கால் மணி நேரம் ஆனது. விரல்களில் மெல்லச் சூடு திரும்பியது.

"ஏன் நீ சொல்லல?" என்றாள் லிண்டா.

"கூப்பிட மாட்டீங்கன்னு."

உச்சிக்குப் போகாமல் திரும்பினார்கள். வழியில் ஒருவரும் கேலி பேசவில்லை. அந்த அமைதி சுகிர்தாவுக்குப் பழக்கமானது.

டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லிண்டா பார்மசிக்குள் நுழைந்து மூன்று குளுக்கோஸ் பொட்டலங்களோடு வந்தாள். அனீஸாவுக்கு ஒன்று, சுரேஸுக்கு ஒன்று. மூன்றாவதைச் சுகிர்தாவின் முதுகிலிருந்த பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"பையைத் திங்கக்கிழமை கொண்டு வரேன்," என்றாள் சுகிர்தா.

"எதுக்கு? அடுத்த மலைக்கு வேணுமே."

"ஆனா டீக்கு நான் சீனி போட மாட்டேன்," என்றாள் அனீஸா. "இப்பவே சொல்லிட்டேன்."