கையில் எடுத்தால் ஏறும் எண்

...வாயே திறக்கவில்லையே நான், தரையைத் துடைக்க மைக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கத்தானே எடுத்தேன், சத்தத்தைக் காட்டும் எண் எப்படி ஐம்பதுக்கு ஏறும்? சந்திரகலா மைக்கைக் கீழே வைத்தாள், எண் மூன்றுக்கு இறங்கியது, மறுபடி எடுத்தாள், உதட்டை இறுக மூடி, மூச்சையும் பிடித்துக்கொண்டு... நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, சிவப்பாகக் குதித்தது. கை ஈரம், அதனால்தான் இருக்கும், முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தால் மட்டும் குறைந்தா போயிற்று? வேண்டாம், இதை இன்னொரு தரம் பார்க்கவே வேண்டாம், பேசாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம். அவர் விடிகாலையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு மலை சுற்றக் கிளம்பியிருக்கிறார், பொண்ணுக்குக் குரல் வந்துவிட்டதென்று, இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற. இந்நேரம் அடி அண்ணாமலை தாண்டியிருப்பார். இப்போது போய் இதென்ன சோதனை எனக்கு?

வள்ளிக்கு ஆறு வயசு. பேச ஆரம்பித்த வயசில் வந்த மூளைக்காய்ச்சலில் காது போயிற்று, அதோடு கற்றிருந்த நாலைந்து சொல்லும் போயின, அழுதால்கூட நெஞ்சு ஏறி இறங்குவதுதான் தெரியும், சத்தம் வராது... தொண்டையில ஒண்ணும் இல்லம்மா, தனக்கே கேக்காததால எழுப்ப மறந்துட்டா என்றார் வேலூர் டாக்டர். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டவர்தான் அவள் அப்பா சகாதேவன். காது இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே, ரேடியோ ரிப்பேர்காரன் பொண்ணுக்கு அவள் சத்தத்தைக் கண்ணில் காட்ட முடியாதா என்று... ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், டேப் ரிக்கார்டரைச் சரிசெய்து கொடுத்த சந்தோஷத்தில் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன போர்டு இது, மைக்கில் விழும் சத்தத்தை எண்ணாக மாற்றும் ஐசி இருக்கிறது இதில். அந்த எண்ணை வாங்கிக் காட்ட ஒரு மைக்ரோகண்ட்ரோலரை மெட்ராஸில் தேடி வாங்கிவந்து, கடையைக்கூடச் சரியாகத் திறக்காமல் இரண்டையும் இணைத்தார். "போர்டுலயே ஏற்கெனவே ஒரு கண்ட்ரோலர் உக்காந்திருக்கான் கலா, இந்த ஜம்பர் துண்டைப் பிடுங்கி அவன் வாயை மூடுனாதான் நம்ம ஆளு பேச முடியும். ரெண்டு பேரும் ஒண்ணா பேசுனா ஒண்ணும் விளங்காது." "ஆமா, உங்கம்மாவும் நானும் மாதிரி." எப்படிச் சிரித்தார் அன்றைக்கு, அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது... முந்தாநாள் வள்ளி மைக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனதும் எண் ஏறியதே, நம் காதுக்கு எட்டாத சன்னக் குரல் மைக்குக்கு எட்டுகிறது என்றாரே, வள்ளி தலையை ஆட்டி ஆட்டிப் பூரித்தாளே, இவர் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாரே, நானும்தானே சேர்ந்து அழுதேன்.

அது குரல் இல்லையா? பிள்ளையின் கை பட்டதற்கா அத்தனை அழுகை? கல்யாணமானதிலிருந்து கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்த கைதானே இது, தெரியாமலா போய்விடும், போர்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், கண்ட்ரோலருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், இரண்டின் எர்த்தையும் ஒரு வயரால் சேர்க்காவிட்டால் எண் எதற்கும் கட்டுப்படாது, தொட்டாலே ஆடும். கீழே குனிந்து பார்த்தாள், அந்த வயர் இல்லை. முதல்ல எர்த்தைப் புடி, மத்ததெல்லாம் அப்புறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷன், அவரா மறந்தார்? ஆசை கண்ணை மறைத்துவிட்டதா... "இந்தாம்மா சந்திரகலா!" பக்கத்து வீட்டு அஜ்மத் பேகம், மதில் மேல் முகம் மட்டும். "வள்ளி பேசிடுச்சாமே! உன் வீட்டுக்காரரு தேரடி பூரா சொல்லிட்டுப் போறாரு. சேமியா கிண்டறேன், சக்கரை ஜாஸ்தியா போடட்டா?" "போடுங்கக்கா." "என்னடி, கம்மியா சிரிக்கற? இனிமே அது பேசற பேச்சுல நீ காதைப் பொத்திக்கப் போற பாரு!" முகம் மறைந்தது. காதைப் பொத்திக்கொள்ள... அதற்குத்தானே தவம் கிடக்கிறேன்.

கிளிப் வயரை எடுத்து, இந்தப் போர்டில் ஒரு முனை, அந்தப் போர்டில் ஒரு முனை, மாட்டினாள். எண் சுழியத்தில் நின்றது. மைக்கை எடுத்தாள், சுழியம். "வள்ளி" என்று சொல்லிப் பார்த்தாள், அறுபத்திரண்டு. சும்மா இருந்தாள், சுழியம். எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது, பாவி. வள்ளி உள்ளேயிருந்து ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டாள், வாயை அகலத் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, கொஞ்சமாவது, ஒன்று, இரண்டு, ஏதாவது காட்டேன்... சுழியம். வள்ளி எண்ணை விரலால் தட்டினாள், கெட்டுப்போய்விட்டதா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் கண் கிளிப்பில் போய் நின்றது, ஓ, இதுவா என்று முகம் தெளிந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்து மீசையாக இழுத்துவிட்டாள், அப்பா. கிளிப் வயரைக் காட்டினாள். இரண்டு விரலைக் கத்தரிபோல் விரித்து மூடினாள்.

என்ன சொல்கிறாய்? மறுபடி மீசை, மறுபடி கத்தரி. சந்திரகலா இரண்டு போர்டையும் திருப்பிப் பார்த்தாள். பற்றவைத்த இடத்தில் அரை விரல் நீளத்துக்குக் கறுப்பு வயர், அதே மாதிரி அந்தப் பக்கமும் ஒன்று, வெட்டிய நுனியில் செம்பு புதுசாகப் பளபளத்தது. மறக்கவில்லை, முதலில் எர்த்தைப் பிடித்திருக்கிறார், சுழியத்தைப் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு... அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாரா? அப்படியானால் சுவரில் முகம் வைத்து அழுதது எதற்கு? இந்தச் சுழியத்தை நான் பார்க்கக் கூடாதென்றா, பிள்ளை பார்க்கக் கூடாதென்றா, இல்லை அவருக்கே தாங்கவில்லையா? இப்போது ஈர வேட்டியோடு நடந்துகொண்டே மலையைப் பார்த்து என்ன சொல்லிக்கொண்டு போவார், நன்றி என்றா? வள்ளி மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். சந்திரகலா கிளிப்பைக் கழற்றினாள், எண் ஏறியது, வள்ளி தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள், சத்தமில்லாமல். கிளிப்பை எங்கே வைப்பது, கடைப் பெட்டியிலா, அவர் கண்ணில் படுகிற மாதிரி மேஜையிலா... கையிலேயே வைத்திருந்தாள். செருப்பில்லாமல் போனவர், வாசலுக்கு வந்துவிட்டால்கூட, காலடி எனக்கும் கேட்காது.