எதிர் ஜன்னலில் எங்கள் சூடு

எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் வாசலில் வந்து நின்று குறை சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் புத்தக பைண்டிங்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து மணியை அழுத்துகிறவரைக்கும் நான் அந்த நினைப்பில்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கதவைத் திறந்தால் குளிர் வெளியே போய்விடும் என்பது என் மருமகள் போட்ட சட்டம். அதனால் சுவரில் இருக்கும் வாசல் கேமராத் திரையில்தான் அவரைப் பார்த்தோம். விரல்களில் பசை காய்ந்திருக்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"உங்க ஏசியோட அவுட்டோர் யூனிட் எங்க ஜன்னலுக்கு நேரா இருக்குங்க. என் வீட்டுக்காரிக்கு முதுகுல ஆபரேஷன் ஆகி, படுத்த படுக்கையா இருக்கா. சூட்டுக் காத்து அப்படியே கட்டில் மேல அடிக்குது. கொஞ்சம் இடம் மாத்தி வைக்க முடியுமான்னு..."

என் மகன் திரையைப் பார்த்தே பதில் சொன்னான். "எங்க சுவத்துலதான மாட்டியிருக்கோம்? உங்க பக்கம் ஒரு இஞ்ச் கூட வரலையே."

"மிஷின் வரலைங்க. காத்துதான் வருது."

"அப்ப நீங்களும் ஒரு ஏசி வாங்கிப் போட்டுக்கங்களேன்" என்றாள் மருமகள், ஏதோ குடை வாங்கச் சொல்வதுபோல.

அவர் மணிப் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "ஐயா இருக்காங்களா?" என்று கேட்டார்.

இருந்தேன். இருந்து என்ன சொன்னேன்? "எங்க வீட்டால அடுத்தவங்களுக்குத் தொந்தரவுங்கற பேச்சே கிடையாது தம்பி. பார்த்துப் பேசுங்க" என்றேன். திரை அணைந்தது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டேனாம்!

நாலாம் நாள் மத்தியானம் மின்சாரம் போயிற்று. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கால் மணி நேரத்தில் என் அறையில் மூச்சு முட்டியது. ஜன்னலைத் திறக்கப் போனால் அது அசையவில்லை. குளிர் கசியாமல் இருக்க ஓரமெல்லாம் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். நகத்தால் பிய்த்து, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் திறந்தது.

எதிர்ச் சுவர் கைக்கெட்டும் தூரம். அங்கேயும் ஒரு ஜன்னல் தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"நின்னுடுச்சுங்க, நின்னுடுச்சு! நல்லாத் திறங்க. கரண்ட் வர்றதுக்குள்ள கொஞ்சம் கண்ணசந்துக்கறேன்."

தெருவே மின்சாரம் போனதென்று திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருத்தி மட்டும் சந்தோஷப்பட்டாள். அந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது என் வீடு.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனேன். பைண்டிங்காரர் என்னைக் கண்டதும் வாசலை மறித்துக்கொண்டார். "இப்ப என்னங்க? எங்க ஜன்னலை நாங்க திறக்கவும் கூடாதா?"

"உள்ள வந்து பார்க்கணும்" என்றேன்.

ஒரே அறை. தைக்க வேண்டிய நோட்டுக் கட்டுகள் ஒரு பக்கம், கட்டில் மறுபக்கம். கட்டிலை நகர்த்தவும் இடமில்லை. அந்த அம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கழுத்திலும் தோளிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. அப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தார்.

மின்சாரம் வந்தது. முதலில் ஒரு உறுமல். அடுத்த நிமிடம் அடுப்பு வாயில் முகத்தை வைத்ததுபோல் இருந்தது. எங்கள் வீட்டுச் சூடு! எங்கள் அறைகளிலிருந்து அள்ளி அள்ளி இந்தக் கட்டிலில் கொட்டியிருக்கிறோம். பைண்டிங்காரர் போய் ஜன்னலைச் சாத்தினார்.

அந்த அம்மாள் கண் விழித்தார். "வந்துடுச்சா?" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மெக்கானிக்கை வரவழைத்தேன். முன்பக்கச் சுவரைத் தவிர வேறு இடமில்லை என்றார் அவர். மகன் வானத்துக்கும் பூமிக்குமாய்க் குதித்தான்.

"அப்பா, கல் பதிச்ச சுவர் அது! வாசலுக்கு மேல இதை மாட்டினா வீடே அசிங்கமாயிடும். வர்றவங்க மேலயெல்லாம் சூடு அடிக்கும்."

"நம்ம சூடு நம்ம வாசல்ல அடிக்கட்டும். அசிங்கம் எங்க இருக்குன்னு பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"யாரோ ஒருத்தங்களுக்காக..."

"யாரோவா? கையை நீட்டினா தொடலாம்டா! அந்தம்மாவுக்கு ஆபரேஷன் எந்த மாசம் நடந்துச்சு, சொல்லு பார்ப்போம்."

அவனுக்குத் தெரியவில்லை. கேட்ட எனக்கும் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் யூனிட் முன்பக்கம் ஏறியது. அது முடிந்த கையோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். எழுபத்தொரு வயதுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும்படி நடந்ததில்லை என்று நினைத்திருந்தேன். கட்டிலருகே நின்றேன்.

"தப்பு எங்க மேலதாம்மா. அன்னிக்கு நான் பேசினது அதைவிடப் பெரிய தப்பு."

பைண்டிங்காரர் பதறினார். "ஐயோ, பெரியவங்க நீங்க போய் இப்படி..."

"நீங்க சும்மா இருங்க. அவர் சொல்லட்டும்" என்றார் அந்த அம்மாள். பிறகு கண்ணாலேயே ஸ்டூலைக் காட்டினார். "உக்காருங்க. எனக்கு இன்னும் கோவம் போகல."

"போகக் கூடாதும்மா" என்று சொல்லி உட்கார்ந்தேன்.