மஞ்சள் துணியில் கட்டிய கீரை

எங்கள் உணவு வங்கியில் ஒரு சட்டம் உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. தோட்டக்காரர்கள் காலையில் முன்வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். வாங்க வருபவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்குப் பக்கவாசல் திறக்கும். யார் தோட்டத்துக் காய் என்ற அடையாளம்கூட இருக்கக் கூடாது. ஒட்டிய சீட்டைக் கிழித்து, கட்டிய கயிற்றை வெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ரப்பர் பேண்டு போடுவது என் வேலை. நாளைக்கு யாரும் யாரையும் தெருவில் நிறுத்தி, "நம்ம பூசணிக்காய் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிடக் கூடாது பாருங்கள். வெங்காயம் கொண்டுவரும் தோட்டக்காரர் என்னைக் கத்தரிக்கோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த மனிதருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் தம்பியும் செவ்வாய்தோறும் தன் தோட்டத்துக் கீரையைக் கொண்டுவருவான். மனைவி போய்ச் சேர்ந்தபின் ஒரே மகளை வைத்து வளர்த்தவன். மூன்று வருடத்துக்கு முன் அவள் தனக்குப் பிடித்தவனோடு போனபோது, "அவளைத் தலைமுழுகிட்டேன்" என்று என் வீட்டில் நின்று சொன்னான். அதற்குப் பிறகு அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

போன வருடக் கடைசியில் பக்கவாசல் வரிசையில் அவள் நின்றாள். இடுப்பில் பெண் குழந்தை. புருஷனுக்கு வேலை போய்விட்டதாம்.

"அத்தை, அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் வரவே மாட்டேன்."

சரி என்றேன். வாராவாரம் தம்பியின் கீரையில் நல்லதாகப் பார்த்து அவள் பையில் வைத்தேன். அப்பனும் மகளும் பேசாவிட்டால் என்ன, அவன் விளைவித்தது அவள் வயிற்றுக்குப் போகிறதே என்று எனக்கொரு அற்ப சந்தோஷம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. ரப்பர் பேண்டும் தீர்ந்துவிட்டது. மணி இரண்டாகிவிடவே, கீரைக்கட்டுகளை வந்தபடியே பைகளில் போட்டுவிட்டேன். தன் பையைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கீரையைச் சுற்றியிருந்தது ஒரு மஞ்சள் துணி, அதில் பொடிப்பொடியாக நீலப் பூ.

"அத்தை, இது என் சட்டை. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினப்ப அப்பா எடுத்துக் குடுத்தது." துணியைத் தடவினாள். "என் துணியெல்லாம் கிழிச்சுட்டாரா? அவ்வளவு வெறுத்துப்போச்சா?"

பையை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் வரிசையை விலக்கிக்கொண்டு வெளியே ஓடுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. கொடுத்திருந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. பதிவேட்டு முகவரியைத் தேடிப் போகக் கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். அதையும் மதித்து உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் காலையில் தம்பி பெட்டியை இறக்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. வாக்காவது மண்ணாவது.

"ஏன்டா, உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? பெத்த பொண்ணு சட்டையைக் கிழிச்சா கீரை கட்டுவ? அவ கைப்பிள்ளையோட இங்கதான்டா வந்துட்டு இருந்தா. உன் கீரையத்தான் தின்னா. அந்தத் துணியப் பார்த்ததுல இருந்து இந்தப் பக்கமே வரல."

அவன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பதான் பார்த்தாளா? நான் நாலு மாசமா கட்டுறேனேக்கா."

ஒருநாள் மதியம் காலிப்பெட்டி எடுக்க வந்தவன், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டானாம்.

"கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்ன சொல்லுக்கு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது? அவ சட்டைன்னா அவளுக்கு அடையாளம் தெரியும், அப்பா வரச் சொல்றார்னு புரிஞ்சுக்குவான்னு நெனச்சேன். எந்தக் கட்டு அவ கைக்குப் போகும்னு தெரியாதே, எல்லாத்துலயும் கட்டினேன். ஒரு சட்டை தீர்ந்தா இன்னொண்ணு. அவ வீட்டுக்கு வரலைன்னதும், கோவம் இன்னும் தீரல போலன்னு இருந்துட்டேன். மஞ்சளைத்தான் கடைசியா வச்சிருந்தேன்."

நாலு மாதத் துணியையும் வெட்டிக் குப்பையில் போட்டவள் நான். ஆளாளுக்குக் கையில் கிடைத்த கந்தலால் கட்டி அனுப்புவார்கள். என்ன துணி என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தாயில்லாத பெண்ணென்று அந்தச் சட்டைகளை என் கையால் துவைத்துப் போட்டிருக்கிறேன். பாவி, கண் எங்கே போயிருந்தது எனக்கு?

அவனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பதிவேட்டைப் பார்த்து முகவரியை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். மாடியில் ஒற்றை அறை. கதவு திறந்துகிடந்தது. வீட்டுக்காரம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையே காலி பண்ணிட்டாங்களே. ஏதோ வெளியூர்னு சொன்னாங்க. எந்த ஊருன்னு நானும் கேட்டுக்கல."

தம்பி வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தான். பிறகு இறங்கத் தொடங்கியவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, போன ஊர்லயும் இந்த மாதிரி இடம் இருக்குமா? யாராவது கீரை குடுப்பாங்களா?"

"இருக்கும்டா. கண்டிப்பா குடுப்பாங்க" என்றேன். எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது.