ஓமுக்கு முன்னால் ஓர் எழுத்து

1
இந்தக் கதை ஒரே சொல்லிலிருந்து பிறந்தது. சொன்னவன் நவரத்தினம். பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுபவன். 1987இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நன்றாக வருவான் என்று பேசப்பட்ட குத்துச்சண்டைக்காரன். அந்தப் போட்டியன்று அலைகடலெனத் திரண்ட கூட்டத்தின் நடுவே அவன்...

(வேண்டாம். அரை மண்டபம்கூட நிறையவில்லை.)

2
நடந்தது இதுதான். ஏழாம் சுற்று வரை அவனுக்கே முன்னிலை. எட்டாவதில் சரமாரியாக அடி விழுந்தது. ஒரு கண் மூடிவிட்டது. நடுவர் குனிந்து, தொடர விருப்பமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பல் கவசத்துக்குள்ளிருந்து அவன் சொன்னான்: "ஓம்."*

நடுவர் காதில் விழுந்தது "ஹோம்." பையன் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறான். ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

* யாழ்ப்பாணத்தில் இது வெறும் ஆமாம். மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

3
அதற்குப் பிறகு அவன் பெயரே 'ஹோம்' ஆகிவிட்டது. பாபகூரா ரயிலில்கூட, "என்ன, வீட்டுக்கா?" என்று சிரித்தார்கள். போட்டி நடத்துபவர்கள் அவன் தொலைபேசியை எடுப்பதில்லை. எனக்கு வயிறு எரிகிறது. ஓர் எழுத்தால் ஒருவன் பிழைப்பு போவதா? அவனை நிரபராதியாக்கவே பேனாவை எடுத்தேன்.

4
அவன் மனைவி ரதிதேவி என் திட்டத்தில் மண்ணைப் போட்டாள். ஒரு வருடம் கழித்து மறுபோட்டிக்கு அழைப்பு வந்த அன்று, தேநீரை நீட்டியபடி கேட்டாள்:

"உண்மையைச் சொல்லுங்கோ. ஓம் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"இப்ப சொன்னது எது?"

அவன் கையில் தேநீர் தளும்பிச் சிந்தியது. அந்தச் சண்டையோடு வந்த நடுக்கம். இன்னொரு தடவை தலையில் அடி விழக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"எனக்கே தெரியேல்லை, ரதி. அந்த நேரம் உம்மைத்தான் நினைச்சனான். வீட்டை வரவேணும் போல கிடந்தது."

(இந்த வரியை நான் திட்டமிடவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.)

5
முடிவு ஒன்று: அவன் வெல்கிறான், சிரித்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

முடிவு இரண்டு: ரதிதேவி மருத்துவமனை நாற்காலியில்... (மாட்டேன்.)

மூன்றாவது இது. மறுபோட்டி நாள். அதே நடுவர். மணி அடிக்கும் முன், ஆடத் தயாரா என்று கேட்கிறார். நவரத்தினம் வாயைத் திறக்கிறான். ஒரு சொல் அவன் பெயரை மீட்கும். மற்றது அவனை வீட்டுக்கு அனுப்பும். இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எழுதிவிட்டேன்:

"...ம்."

முன்னால் உள்ள எழுத்தை நீங்கள் போடுங்கள். கயிற்றுக்கு வெளியே ரதிதேவி நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.