பெண்கள் வார்டுச் சுவர்

அட்டுவம்பட்டிக்கு மேலே மூடிக் கிடந்த காசநோய் ஆஸ்பத்திரியை இடிக்கும் காண்டிராக்டைத் தன் கணவன் எடுத்திருக்கிறான் என்பது, சோறு பரிமாறும்போதுதான் ஷம்ஷாத்துக்குத் தெரிந்தது. பிள்ளையின் தட்டுக்கு நீட்டிய கரண்டி பாதியிலேயே நின்றுவிட்டது.

"அஞ்சு வருசமா பூட்டிக் கெடக்கு. கதவு, சன்னல் பூரா தேக்கு," என்றான் பஷீர் அகமது. நாயுடுபுரத்தில் அவனுக்கு மரக்கடை.

"அந்த மரத்த வீட்டுப் பக்கம் கொண்டாந்துராத," என்றாள் மாமியார். "எத்தன பேரு ரத்தங் கக்கிச் செத்த எடம்!"

ஷம்ஷாத் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பழனியில் கல்யாணமாகாத பெண்ணாக இருந்தபோது, அங்கேதான் பதினான்கு மாதம் படுத்துக் கிடந்தாள். புதிதாக வந்த ஊசி மருந்து அவளைப் பிழைக்க வைத்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தா, "மதுரையில பெரியம்மா வீட்ல இருந்தா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய்யின் மேல்தான் நிக்காஹ் நடந்தது.

ஆஸ்பத்திரியின் கூரை தெரியும் திருப்பத்தில் பஸ் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ள நினைப்பாள். முடிந்ததில்லை. உயிர் போய் உயிர் வந்த இடம் அப்படித்தான் இழுக்கும் போலிருக்கிறது.

இப்போது வேறொரு பயம். பெண்கள் வார்டில் அவள் கிடந்த எட்டாம் கட்டிலுக்கு மேலே, சுவரில் அவள் பெயரையும் சேர்த்து ஒன்பது பெயர்கள் இருந்தன. பக்கத்துக் கட்டிலில் கிடந்த சண்முகவள்ளி கொண்டை ஊசியால் சுண்ணாம்பைக் கீறி, ஊரும் வருஷமுமாக எழுதியவை. "நாம போனாலும் பேராவது கெடக்கட்டும்டி" என்று சிரித்தாள். ஒன்பது பேரில் வீடு திரும்பியவர்கள் இரண்டே பேர். சண்முகவள்ளியை எடுத்துப்போக யாரும் வரவில்லை. வார்டுக்குப் பின்னால் தைலமரங்களுக்கு அடியில் புதைத்தார்கள்.

மூன்றாம் நாள், கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் ஷம்ஷாத் மேலே ஏறினாள். நடுப்பகலிலும் பனிமூட்டம் விலகவில்லை. ஆண்கள் வார்டு தரைமட்டமாகியிருந்தது. கடப்பாரைச் சத்தம் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் விழுந்தது.

பெண்கள் வார்டில் கட்டில்கள் இல்லை. கூரையும் பாதி போயிருந்தது. சுவர் மட்டும் நின்றது, பெயர்களோடு. 'ஷம்ஷாத், பழனி, 1951.' அதற்குக் கீழே 'சண்முகவள்ளி, பழனி, 1951.' கீழே கிடந்த ஆணியை எடுத்துத் தன் பெயரைச் சுரண்டினாள். 'ஷ' போயிற்று. 'ம்' போயிற்று. பிறகு கை ஓடவில்லை. மற்ற எட்டுப் பெயர்களும் அவளையே பார்ப்பது போலிருந்தது.

"இங்க என்ன சோலி ஒனக்கு?"

பஷீர் வாசலில் நின்றான். பின்னால் மேஸ்திரி பொன்னுச்சாமியும் நாலைந்து ஆட்களும்.

அவன் பக்கத்தில் வந்து சுவரைப் படித்தான். அவள் கையிலிருந்த ஆணியைப் பார்த்தான். மறுபடியும் சுவரைப் படித்தான்.

ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அவளுக்குச் சலித்துவிட்டது.

"நாந்தாங்க அது," என்றாள். "பதினாலு மாசம் இங்க கெடந்தேன். அத்தா ஒங்ககிட்ட மறைச்சுட்டாரு. நானும் மறைச்சேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே, "மேஸ்திரி, மொதல்ல இந்தச் சொவத்தத் தள்ளுங்க. வெரசா," என்றான்.

"மத்தவங்க பேரெல்லாம் இருக்குங்க... அவங்களுக்கு வேற எங்கயும் இல்ல..."

யாரும் கேட்கவில்லை. நான்கு கடப்பாரைகள் ஒன்றாக இறங்கின. சுவர் ஒருமுறை அசைந்து, மொத்தமாகச் சரிந்தது. சுண்ணாம்புப் புழுதி வார்டு முழுக்க எழும்பிற்று.

ஷம்ஷாத்துக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்க அதிகமாயிற்று. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குனிந்து இருமினாள்.

நிமிர்ந்தபோது, ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஷீர் தோள்துண்டால் மூக்கைப் பொத்தியபடி இரண்டடி பின்னால் போயிருந்தான்.

"புழுதிங்க," என்றாள் அவள். "வெறும் புழுதி."

"தெரியும்."

"வேணும்னா நாளைக்கே எக்ஸ்ரே எடுத்துட்டு வாரேன்."

"எடு," என்றான் அவன். "அதுவரைக்கும் புள்ளய..."

முடிக்காமல் திரும்பி நடந்தான். அவள் கொண்டுவந்த தூக்குச்சட்டியை அவன் தொடவே இல்லை.